இலவசம் என்றால் இளக்காரமா?

"காயலான் கடையில் போடுங்க சார். இலவச லேப்டாப்பு, அதுல இலவச சாஃப்ட்வேர் வேறயா?" என்று நம்மூர்க் கடைக்காரர் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இந்தப் பதிவு.

அது என் தம்பி மகள் பிளஸ் டூ படிக்கையில் அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அதில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எங்கள் வீட்டில் ஒருவரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இலவசத்தில் இலவசம் என்ற அலட்சியம்தான்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அம்மொழியில் காசில்லாமல் கிடைப்பது 'கிராத்துயி', தளையில்லாதது 'லீபர்'. இங்கிலீஷ்காரனுக்கு இரண்டும் 'ஃப்ரீ'. லினக்ஸ் 'லீபர்' வகை. யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பிரான்சின் ழாந்தார்மெரி என்ற காவல் படை 2008 முதல் தன் கணினிகளை உபுண்டு லினக்சுக்கு மாற்றியது. காசில்லாத சரக்கு மட்டமானது என்றால் போலீஸ்காரன் அதில் வேலை பார்ப்பானா?

கடைக்காரரை விட்டாலும் ஆர்வலர்கள் விடுவதில்லை. "பப்பி போடுங்க, டைனி கோர் போடுங்க, அதுதான் எல்லாத்தையும்விட லைட்" என்கிறார்கள். டைனி கோர் ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அளவுகூட இராது, உண்மைதான். ஆனால் நமக்கு வேண்டியது பத்திரிகை படிப்பதும், பேரன் படம் பார்ப்பதும், மின்கட்டணம் கட்டுவதும். எல்லாமே பிரவுசரில். நாலு பக்கம் திறந்தால் பிரவுசர் மட்டுமே ஒரு ஜி.பி. நினைவகத்தை விழுங்கிவிடும். வீட்டைச் சின்னதாகக் கட்டிவிட்டு வாசலில் யானையைக் கட்டினால் என்ன பயன்?

ஆகவே "எது மிக இலேசானது?" என்ற கேள்வியே தவறு. கேட்க வேண்டியவை மூன்று. செயலி 32 பிட்டா, 64 பிட்டா? பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை காலம் வரும்? தமிழ் சரியாகத் தட்டச்சாகுமா?

எங்களுடையது 64 பிட். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ எக்ஸ்எஃப்சிஇ திரையுடன் நிறுவினேன். அன்று அரசே போட்டுக்கொடுத்த பாஸின் தாய்வீடு அது. டெபியனில் ஒரு பதிப்புக்குச் சுமார் ஐந்தாண்டு திருத்தங்கள் வரும். எக்ஸ்எஃப்சிஇ-யை 1996-ல் தொடங்கியவர் ஒலிவியே ஃபூர்தான் என்ற பிரெஞ்சுக்காரர் என்பது என் தனிப்பட்ட மகிழ்ச்சி. தமிழ்99 விசைப்பலகையும் அமைந்துவிட்டது. கூடவே 2 ஜி.பி. நினைவகத்தை 4 ஆக்கி, ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டேன். வேகம் கூடியதில் பாதிப் புண்ணியம் அதற்குத்தான்.

உங்களுடையது 32 பிட் என்றால் டெபியன் 13-ஐ நிறுவ முடியாது. முந்தைய 12-தான் வழி. எதுவானாலும் முதலில் படங்களை வேறிடத்தில் நகலெடுங்கள். பிறகு பென் டிரைவிலிருந்தே லினக்சை ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் மட்டும் நிறுவுங்கள்.

பரணில் ஒன்று கிடந்தால் இறக்குங்கள். அது நம் வரிப்பணம். உள்ளூர் நண்பர்கள் கூப்பிட்டால் நானே வந்து நிறுவித் தருகிறேன். பௌர்ணமியன்று மட்டும் வேண்டாம், கிரிவலக் கூட்டத்தில் தெருவைத் தாண்ட முடியாது.