முள்ளும் இலக்கமும்

ஒரு பம்பு எத்தனை உயரத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீரைத் தள்ளும் என்பதைச் சோதனைச் சான்றிதழைக் கண்ணால் பாராமல் ஒப்புக்கொள்ளாத கோயமுத்தூர்க்காரர்கள்கூட, ரேடியோ அலையின் சக்தியை அளக்கிற விஷயத்தில் மட்டும், கருவியின் முகப்பில் மின்னும் இலக்கங்களைச் சந்தேகமில்லாமல் நம்பிவிடுவது எனக்கு வெகுநாளைய வியப்பு.

பீளமேட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், பழைய பவர் மீட்டர்களைக் கழித்துப் புதியன வாங்க ஒரு பட்டியல் தயாரித்திருந்த நண்பர், அதைப் பார்வையிட என்னை அழைத்திருந்தார். எச்.பி., ஏஜிலென்ட், கீசைட் என ஒரே வம்சத்தின் மூன்று பெயர்ப் பலகைகள் (1999-லும் 2014-லும் பெயர் மாறியது) ஒரே அலமாரியில் அடுக்கியிருந்தன. "இந்த முள்ளு மீட்டர் இன்னும் ஓடுதுங்க, தூக்கிப்போட மனசு வரலீங்க" என்றார் ஆய்வக உதவியாளர்.

அலமாரியின் மூத்த பிரஜை 432ஏ. வரும் அலை தெர்மிஸ்டரைச் சூடாக்க, அந்தச் சூட்டுக்கு ஈடாக நேர்மின்சாரத்தைக் குறைத்து, குறைத்த அளவையே அலையின் சக்தி என்று சொல்லும் யுக்தி அதனுடையது. 10 மில்லிவாட்டுக்கு மேல் அதனால் அளக்க இயலாது. அடுத்துவந்த 435-உம் அதன் 8481ஏ தெர்மோகப்பிள் சென்சாரும் அந்த வரம்பை 100 மில்லிவாட்டுக்கு உயர்த்தின. அளக்குமுன் சென்சாரை மீட்டரின் 50 மெகாஹெர்ட்ஸ், 1 மில்லிவாட் பிரமாண முனையில் பொருத்திச் சரிபார்க்கும் சடங்கு ஒன்றுண்டு. இன்றைய யு2000 சென்சாருக்கு அதுவும் வேண்டாம். கணினியில் செருகினால் போதும், 1 நானோவாட் வரை இறங்கி அளக்கும்.

வசதி பெரிதுதான். ஆனால், நிற்கும் அலை விகிதம் 2 உள்ள மூலத்தோடு, விகிதம் 1.18 உள்ள சென்சாரைப் பொருத்தினால், பிரதிபலிப்பினால் மட்டுமே சுமார் ஐந்தரை சதவீதம் கூடவோ குறையவோ பிழை நேரும்; திரையில் மூன்று தசமஸ்தானம் தெரிவதால் அது ஒரு இம்மியும் குறைவதில்லை. தேய்ந்த கனெக்டரைப் புதிய கருவியில் முடுக்கினாலும் அது தேய்ந்த கனெக்டர்தான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 4ஜி அலையின் உச்சம் அதன் சராசரியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் எழும்பக்கூடியது. உஷ்ணத்தை மட்டுமே அறிந்த பழைய தெர்மோகப்பிள், அலையின் வடிவம் எதுவானாலும் சராசரியை யோக்கியமாகச் சொல்லிவிடும். மலிவான ஒற்றை டையோடு சென்சாரோ சுமார் 10 மைக்ரோவாட்டைத் தாண்டியதும் அத்தகைய அலையிடம் ஏமாந்துவிடும். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்துதர முடியுமென்று ஜி.டி. நாயுடு அறிவித்த ஊரில் சிக்கனத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்த ஒற்றை டையோடு வகையைப் பட்டியலிலிருந்து அடிக்கச் சொன்னேன்.

யு2000-ஐத் தாராளமாக வாங்கலாம். முள் மீட்டரை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளலாம். மீதிப் பணத்தை அளவீட்டுச் சான்றுக்கும் நல்ல கனெக்டர்களுக்கும் ஒதுக்கலாம் என்றேன். உதவியாளரின் கோரிக்கை வேறு. பையன்கள் கைரேடியோவை நேராகச் சென்சாரில் மாட்டிவிடுகிறார்களாம். 300 மில்லிவாட்டுக்கு மேல் தாங்காத 8481ஏ, 5 வாட்டை எங்கே தாங்கும்? ஆகவே பட்டியலின் தலைப்பில் ஒரு 30 டெசிபெல் அட்டெனுவேட்டரை எழுதினோம். அந்த 5 வாட்டை அது 5 மில்லிவாட்டாக இறக்கிக் கொடுக்கும்.