ஹேவ், ஹேஸ், ஹேட் - நம்ம 'இரு'

பக்கத்து வீட்டுப் பொண்ணு பிளஸ் ஒன், தமிழ் மீடியம். போன வாரம் நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்தா. "மாமா, இந்த பெர்ஃபெக்ட் டென்ஸ் மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது." நோட்டுல ஒரு கட்டம்: ஹேவ், ஹேஸ் கூட்டல் வி3. முப்பது வருசத்துக்கு முன்னாடி நான் எழுதின அதே கட்டம்! எனக்குக் கோபம்தான் வந்தது.

இது நமக்குத் தெரியாத சமாச்சாரமே இல்லைங்க. காலம் மூன்று என்கிறது தொல்காப்பியம், வாஸ்தவம். ஆனால் 'வந்து' என்ற வினையெச்சத்தோட 'இரு'வைச் சேர்த்துப் பாருங்க. வந்திருக்கேன், வந்திருந்தேன், வந்திருப்பேன். ஹேவ் கம், ஹேட் கம், வில் ஹேவ் கம், மூணும் வந்தாச்சு. கைடு போடுறவங்க இதுக்கு 'நிகழ்கால முற்று'ன்னு பேர் வெச்சுக் குழப்புறாங்க. 'வந்தான்' கூட வினைமுற்றுதானே சாமி?

அவகிட்ட கேட்டேன். "பெரியாறு அணையில தண்ணி திறந்தாங்கன்னா?"

"என்னைக்கோ திறந்தாங்க மாமா."

"திறந்திருக்காங்கன்னா?"

"அப்ப வாய்க்கால்ல தண்ணி வரும், நாத்துப் பாவலாம்."

அதாம்மா பிரசன்ட் பெர்ஃபெக்ட். நடந்து முடிஞ்சது, பலன் இப்போ கையில. சின்னமனூர்ல வயல் வெச்சிருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எதுக்கு வி3 கட்டம்? இங்கிலீஷ் கிளாசுல தமிழ் பேசினா ஃபைன் போடுறவங்களை நினைச்சா சிரிப்பும் வருது, வயித்தெரிச்சலும் வருது. தெரிஞ்ச வாசலை அடைச்சுட்டு சுவரேறிக் குதிக்கச் சொல்றாங்க.

ஆனால் வாசலைத் திறந்துவிட்டா மட்டும் போதாது. உள்ளே ஒரு குழி இருக்கு, அதில் நானே விழுந்திருக்கேன். சென்னையில ஒரு இன்டர்வியூ. "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2000"ன்னு கம்பீரமா சொன்னேன். எதிர்ல இருந்தவர் உதட்டைக் கடிச்சுச் சிரிச்சார். ஏன்னு புரியவே பல வருசம் ஆச்சு. '2000ல முடிச்சிருக்கேன்' என்பது சுத்தமான தமிழ். இங்கிலீஷ்ல முடிஞ்சுபோன காலத்தைக் குறிச்சுச் சொல்லிட்டா 'ஹேவ்' வெளியே போயிடணும், வெறும் 'கம்ப்ளீட்டட்'தான்.

1895ல் பென்னிகுக் கட்டி முடிச்ச அணையைப் பார்த்து "என்னமா கட்டியிருக்கார்யா மனுசன்"னு இன்னைக்கும் நாம சொல்லலாம். அணை கண்ணு முன்னாடி நிக்குதே! இங்கிலீஷ்காரனுக்கு அவர் 1911லயே போய்ச் சேர்ந்தவர், அதனால 'பில்ட்' மட்டும்தான். கட்டினது அவங்க ஊர் ஆளு, அது வேற விஷயம் :-)

இதுக்கு நேர் எதிர் கேஸும் உண்டு. 'பத்து வருசமா இங்க இருக்கேன்'ல நமக்கு வெறும் நிகழ்காலம் போதும். அதை அப்படியே 'ஐ ஆம் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' ஆக்கினா தப்பு. அங்கே 'ஹேவ் பீன்' வந்தே ஆகணும்.

மறுநாள் காலையில தெருவெல்லாம் ஈரம். பொண்ணு வாசல்ல நின்னு கேட்டா: "மாமா, ராத்திரி மழை பெஞ்சிருக்கு. இதுக்கு ஹேவ் வருமா?"

"ராத்திரின்னு சொல்லிட்டியே, வராது. இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்."

"நாம பாக்கவே இல்லையே, தூங்கிட்டுல்ல இருந்தோம்?"

அடேயப்பா. நேர்ல பார்த்தா 'பெஞ்சுச்சு', ஈரத்தைப் பார்த்து ஊகிச்சா 'பெஞ்சிருக்கு'. நம்ம 'இரு' அந்த வேலையையும் பார்க்குது. ஊகம்னு காட்டணும்னா 'மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட்'னு சொல்லலாம்னேன்.

"இப்ப மட்டும் ஹேவ் வந்துருச்சே மாமா?"

காபி குடிச்சுட்டு வந்து சொல்றேன்னு உள்ளே வந்துட்டேன்.