குளூட்டன் இல்லையாம். மதுசாரம்?



நம்ம தெமட்டகொடை வாட்ஸ்அப் குறூப்புகளில் ஒரு விளம்பரம் ஓடுகிறது: "வீட்டில் செய்த ஜின்ஜர் பியர். குளூட்டன் இல்லை, கெமிக்கல் இல்லை, பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம்." விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் இதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள புரதம். இஞ்சியிலும் சீனியிலும் அது இல்லை, சரி. ஆனால் கள்ளிலும்தான் குளூட்டன் இல்லை! அதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பீர்களா? ஆபிரிக்காவில் குரக்கனில் பியர் காய்ச்சுகிறார்கள். அதிலும் பார்லி இல்லை, ஆனாலும் அது பியர்தான்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: போத்தலுக்குள் கேஸ் எங்கிருந்து வந்தது?

ஈஸ்ட் சீனியைத் தின்று காபனீரொட்சைட்டையும் மதுசாரத்தையும் ஏறத்தாழ சம நிறையில் தருகிறது. ஒன்றை மட்டும் தா என்று அதனிடம் கேட்க முடியாது. ஒரு லீற்றரில் 10 கிராம் சீனி நொதித்தால் சோடா அளவுக்குக் கேஸ் வரும். கூடவே சுமார் 0.6 சதவீதம் மதுசாரமும் வரும். லீற்றருக்கு 100 கிராம் போட்டு அவ்வளவும் நொதித்தால் 6 சதவீதம். கடையில் விற்கும் சாதாரண லாகர் பியரே சுமார் 5 சதவீதம்தான்.

"நாங்க ஈஸ்ட் போடல, முந்திரிகை வற்றல் மட்டும்தான்" என்பவர்களுக்கு: அந்த வற்றலின் தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது. அதற்காகத்தான் அதைப் போடுகிறீர்கள்.

அடுத்தது ஆபத்து. நொதிப்பு முடியாமல் மூடிய கண்ணாடிப் போத்தல் கொழும்புச் சூட்டில் வெடிக்கும். பிரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் சாகாது, மெதுவாகும். கரண்ட் போனால் திரும்பவும் வேலையைத் தொடங்கும். நம் தோட்டத்து வீடுகளில் போத்தல் அடுக்கும் இடத்துக்கும் பிள்ளை படுக்கும் இடத்துக்கும் எத்தனை அடி தூரம்?

ஃபத்வா கொடுப்பது உலமாக்களின் வேலை, என்னுடையதல்ல. ஆனால் பேரீச்சம்பழம் ஊறவைத்த நபீதைக்கூட மூன்று நாளைக்கு மேல் வைத்துக் குடிக்காத நபிவழி நம்மிடம் இருக்கிறது. போத்தலில் ஒரு வாரம் கிடந்ததைப் பற்றி விற்பவர் ஒரு ஆலிமிடமாவது கேட்டாரா?

வீட்டிலிருந்து உழைக்கும் தாய்மாரின் வயிற்றில் அடிக்க இதை எழுதவில்லை. பிழைப்புக்கு ஈஸ்ட் தேவையே இல்லை. இஞ்சியை இடித்து, சீனியோடு காய்ச்சி, ஆறவைத்து வடித்து, தேசிக்காய் பிழிந்து பாணியாகப் பிரிட்ஜில் வைத்து விற்றால், வாங்குபவர் குடிக்கும்போது குளிர்ந்த சோடா ஊற்றிக்கொள்ளலாம். நுரை வரும், காரம் இருக்கும், மதுசாரம் இல்லை, போத்தலும் வெடிக்காது.

அது முடியாது, நொதிக்க வைத்துத்தான் விற்பேன் என்றால், "நொதித்தது" என்று லேபிலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். அதை எழுதாமல் "குளூட்டன் இல்லை" என்று மட்டும் எழுதுவது ஏமாற்று.

வாங்குகிறவர்களே, ஓர்டர் கொடுக்குமுன் கேளுங்கள்: இந்தக் கேஸ் சோடாவிலிருந்து வந்ததா, ஈஸ்டிலிருந்து வந்ததா?