சைரன் உங்கள் பின்னணி இசை அல்ல

இந்திய–பாகிஸ்தான் மோதல் நடந்த 2025 மே 8 இரவு. எல்லையோர ஊர்களில் மக்கள் விளக்கை அணைத்துவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்நேரம் தேசியச் செய்திச் சேனல்கள் பலவும் கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை அழித்துவிட்டதாக அறிவித்தன. பாகிஸ்தான் ராணுவத் தளபதி கைது என்றார்கள், இஸ்லாமாபாத் வீழ்ந்தது என்றார்கள். ஒன்றுகூட நடக்கவில்லை. "இதை உறுதி செய்தது யார்?" என்று செய்தி ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தால் போதும், அந்தப் பொய்கள் ஸ்டுடியோவின் வாசற்படியைத் தாண்டியிருக்காது. கேட்கவில்லை. எல்லைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுத் தொலைக்காட்சி முன் விழித்திருந்த பெற்றோரை நினைத்தாவது கேட்டிருக்க வேண்டாமா?

அந்தச் சேனல்களில் பொய்களுக்கு ஊடே, விமானத் தாக்குதலை எச்சரிக்கும் சைரனும் அலறியது. நிகழ்ச்சிகளில் அந்த ஒலியைப் பயன்படுத்த வேண்டாம் என மத்திய குடிமைப் பாதுகாப்புத் துறை மே 10 அன்று எழுத்துப்பூர்வமாக அறிவுறுத்த நேர்ந்தது. ஓடித் தப்பித்துக்கொள் என்று மக்களுக்குச் சொல்லும் ஒலி அது. பரபரப்பு கூட்டுவதற்காக நாள்முழுதும் அதை ஒலிக்கவிட்டால், குண்டு விழும் நாளில் காது அதைப் பொருட்படுத்தாது. நாடகத்துக்கும் செய்திக்கும் இடையே இருந்த எல்லைக்கோட்டை அழித்தவர்கள், மக்களின் உயிர்க்காப்பிலேயே கைவைத்திருக்கிறார்கள்.

இதைவிடக் கொடியது ஜம்மு-காஷ்மீரின் எல்லையோரப் பூஞ்சில் நடந்தது. மே 7 அன்று பாகிஸ்தானின் எறிகணைத் தாக்குதலில் மதரசா ஆசிரியர் ஒருவர் பலியானார். சில சேனல்கள் அவரைப் பயங்கரவாதி என்றன. பூஞ்ச் காவல்துறையே அதை மறுத்து அறிக்கை விட வேண்டியதாயிற்று. துக்க வீட்டின் மீது இப்படியொரு பழியைச் சுமத்தியதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது. வன்மையாகக் கண்டிக்கிறோம்.

தொகுப்பாளர்கள் ஓரிருவர் நேரலையில் வருத்தம் தெரிவித்தார்கள். அது போதாது. பொய்யை ஒளிபரப்பிய ஒவ்வொரு சேனலும் அதே இரவு நேரத்தில், என்ன சொன்னோம், எது பொய் என்று ஒவ்வொன்றாக வாசித்துத் திருத்த வேண்டும். பழைய காணொளிகளைச் சத்தமில்லாமல் நீக்குவதைத் திருத்தமாக ஏற்க முடியாது. சேனல்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு விதிக்கும் ஒரு லட்ச ரூபாய் அபராதம் பயன் தராது என உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டிலேயே சுட்டிக்காட்டியது. வருமானத்தில் உறைக்கும் அளவுக்கு அது உயர்ந்தாக வேண்டும்.

அதற்கெல்லாம் முன்பாக, பூஞ்சிலுள்ள அந்த வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். கேட்டதையும் ஒளிபரப்புங்கள்; பழியும் ஊரறியத்தானே போடப்பட்டது.