கேள்வியை மாற்றிக் கேட்போம்

2021ஆம் ஆண்டு கொவிட்-19 தடுப்பூசி போட்டுக்கொள்ள என் பாட்டி மறுத்தார். அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கோபம் வந்தது. “பாட்டி படித்திருந்தால் புரிந்திருக்கும்” என்று அம்மாவிடம் சொன்னேன். அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இணையச் செய்திகளைக் காட்டினோம், வாதாடினோம், கெஞ்சினோம். எதுவும் பலிக்கவில்லை. ஒருநாள் அம்மா அருகில் உட்கார்ந்து, “எதுக்கும்மா பயப்படுறீங்க?” என்று கேட்டார். “எனக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் ரெண்டும் இருக்கே. ஊசி போட்டு ஏதாவது ஆயிட்டா உங்களுக்குத்தானே சிரமம்?” என்றார் பாட்டி. அதுவரை அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் கேட்கவில்லை. பல ஆண்டுகளாகப் பாட்டியைப் பார்த்துவரும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் ஐந்து நிமிடம் பொறுமையாக விளக்கினார். அடுத்த வாரமே பாட்டி ஊசி போட்டுக்கொண்டார்.

பாட்டிக்கு அறிவு குறைவாக இல்லை. தம் பயத்தைச் சொல்ல, தாம் நம்பும் ஒருவர் தேவைப்பட்டார். அவ்வளவுதான்.

கிருமிப்பரவல் காலத்தில் விதிகளை மீறியவர்களைப் பற்றிப் பேசும்போது, “பொறுப்பில்லாதவர்கள்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரு விதியைப் பின்பற்ற மனம் மட்டும் போதாது. அது புரிய வேண்டும், சொல்பவர்மீது நம்பிக்கை வேண்டும், செய்வதற்கு வசதியும் வேண்டும்.

வசதியை எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நடப்பிலிருந்த நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்தில் நான் வீட்டிலேயே இருந்தேன். எனக்குத் தனி அறை, மடிக்கணினி எல்லாம் இருந்தன. விதியைப் பின்பற்றியது எனக்குப் பெரிய சாதனையே அல்ல. அதே நேரத்தில் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் பத்துக்கும் மேற்பட்டோர் ஒரே அறையில், ஈரடுக்குக் கட்டில்களில் தங்கியிருந்தனர். குளியலறையும் சமையலறையும் பொது. அங்கே ஒரு மீட்டர் இடைவெளி எங்கிருந்து வரும்? விடுதிகளில் இருந்த சுமார் 323,000 ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது அவ்வாண்டு டிசம்பரில் தெரியவந்தது. அவர்களின் ஒழுக்கத்தை அந்த எண் காட்டவில்லை, அறைகளின் நெரிசலைத்தான் காட்டுகிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட விதிமுறைகளின்படி புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்குமேல் தங்கக்கூடாது. மாற வேண்டியது அறைதான் என்பதை இது உணர்த்துகிறது.

அடுத்தது நம்பிக்கை. ‘டிரேஸ்டுகெதர்’ செயலியின் தகவல்கள் தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே பயன்படும் என்று முதலில் சொல்லப்பட்டது. குற்றவியல் விசாரணைக்காகக் காவல்துறையும் அவற்றைப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. என் நண்பர்கள் சிலர் புளூடூத்தை அணைத்து வைத்தார்கள். அவர்கள் நன்கு படித்தவர்கள், செயலி எப்படி இயங்குகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். குறைந்துபோனது நம்பிக்கை. அந்தத் தவற்றைப் பொறுப்பமைச்சர் ஒப்புக்கொண்டார். ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே தகவல்களைப் பயன்படுத்தலாம் என்று பிப்ரவரியில் சட்டமும் நிறைவேறியது.

அப்படியானால் தண்டனையே வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். பின்பற்ற முடிந்தும் அலட்சியமாக இருப்பவர்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. 300 வெள்ளி அபராதம் அவர்களைத் திருத்தலாம். ஆனால் பயந்துபோன மூதாட்டிக்கு அபராதம் தைரியம் தராது, நெரிசலான அறையை அது விரிவாக்கவும் செய்யாது.

அடுத்த நோய்ப்பரவல் வரும்போது இளையர்களாகிய நாம்தான் நம் வீடுகளில் செய்தியை விளக்கிச் சொல்பவர்களாக இருப்போம். அதற்கு உடல்நலம் பற்றித் தமிழில் தெளிவாகப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், முதலில் காது கொடுத்துக் கேட்பது. “ஏன் சொன்னதைக் கேட்கவில்லை?” என்று அதட்டுவதற்கு முன்பு, “உங்களை எது தடுக்கிறது?” என்று கேட்போம். எங்கள் வீட்டில் பாட்டியின் மனத்தை மாற்றியது அந்தக் கேள்விதான்.