கணக்குப் பார்க்காத மேன்மை

கடனைப் பற்றி மேடையில் பேச எழுகிற எந்தத் தமிழ்ப் பேச்சாளரும் ஐந்து நிமிடத்துக்குள் இலங்கை வேந்தனிடம் போய்விடுவார். போர்க்களத்தில் கலங்கி நின்ற இராவணனுக்குக் கடன்பட்டவனின் நெஞ்சை உவமை சொல்லும் அந்த வரியைக் கம்பன் பெயரால் முழங்குவார். கைதட்டல் எழும். அந்த வரி கம்பராமாயணத்தில் இல்லை என்று விவரமறிந்தவர்கள் பலமுறை சொல்லியாயிற்று. ஆனாலும் அது கம்பன் கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டு வருகிறது; பேரேட்டைத் திருத்த யாருக்கும் மனமில்லை. நம் இலக்கிய உலகம் கடனை நடத்தும் விதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டியதில்லை. கடன் நமக்கு நல்ல உவமை. அதையே ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, எவ்வளவு, என்ன வட்டி, யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்பது மட்டும் நமக்குக் கீழான வேலை.

சென்னைப் புத்தகக் காட்சியில் நம் நண்பர் ஒருவர் இரண்டு பை நிறையப் புத்தகங்களைக் கடன் அட்டையைத் தேய்த்து வாங்கினார். பில்லைப் பார்த்தீரா என்று கேட்டதற்கு, "புத்தகத்துக்கெல்லாமா கணக்குப் பார்ப்பது?" என்று சிரித்தார். நாமும் கூடச் சிரித்தோம். ஓராண்டு கழித்து அந்த அட்டையில் நிலுவை ஐம்பதாயிரம் ரூபாயைத் தொட்டிருந்தது. புத்தகங்கள் மட்டுமல்ல, செல்பேசி, ஒரு பயணம், தங்கையின் வளைகாப்புச் செலவு எல்லாம் சேர்ந்தது. அவர் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. கேட்கப்பட்ட குறைந்தபட்சத் தொகையைக் கெடு நாளுக்கு முன்பே கட்டி வந்தார். தன்னை நாணயமானவர் என்றே நம்பினார். ஒற்று மிகுந்திருந்தால் அச்சகத்துக்கே தொலைபேசியில் சண்டைக்குப் போகும் மனிதர், தன் அட்டையின் மாத அறிக்கையை ஒருமுறைகூட முழுமையாகப் படித்ததில்லை.

அந்த அறிக்கையை நாம் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம். நிலுவை 50,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 1,750. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 315 ரூபாய். ஆக 2,065. அவர் கட்டி வந்த குறைந்தபட்சத் தொகை நிலுவையில் ஐந்து சதவீதம், அதாவது 2,500 ரூபாய். இதில் அசலில் கழிவது வெறும் 435. அதுவும் அந்த மாதம் புதிதாக எதையும் வாங்காமலிருந்தால் மட்டும். பழைய நிலுவை இருக்கும்வரை புதிய செலவுக்கு வட்டியில்லாச் சலுகை நாள்கள் கிடையாது. கடையில் அட்டையைத் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ஆண்டுக்கு 42 சதவீதம். இதே விகிதத்தை ஊர்ப் பெட்டிக்கடைக்காரர் ஒருவர் கேட்டிருந்தால் நம் நண்பர் அதைக் கந்துவட்டி என்று ஏசி, ஒரு சிறுகதையே எழுதியிருப்பார். பிளாஸ்டிக் அட்டையில் வந்ததால் அது வசதி ஆயிற்று.

நண்பரின் தவறு என்று இதை முடித்துவிட நாம் விரும்பவில்லை. அந்தச் சிரிப்பில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. கணக்குப் பார்ப்பவன் கலைமனம் இல்லாதவன் என்ற எண்ணத்தை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். சிற்றிதழ் வரலாற்றை எழுதும்போதுகூட அடகுக்கடைக்குப் போன நகைகளையும் கட்டப்படாத அச்சகப் பாக்கியையும் வீரத்தழும்புகள்போல எண்ணிக் காட்டுகிறோம். 1948இல் காசநோயும் வறுமையுமாகப் புதுமைப்பித்தன் இறந்ததை ஒரு காவிய முடிவாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்களைப் படித்த எவரும் அந்த வறுமையில் அழகு எதையும் காண முடியாது. பணம் எப்போது வரும், எப்போது அனுப்ப முடியும் என்ற தவிப்பு அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் தவிப்பு ஒரு பெரும் கலைஞனின் நேரத்தையும் உடலையும் தின்றது. அதைப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பாவையும் இப்படித்தான் ஒரு தியாகப் படமாக மாட்டி வைத்திருக்கிறோம். ஆனால் புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் அவர். பணத்தை அருவருத்த ஒருவர் செய்யக்கூடிய காரியமா அது? ஒரு பிரதி விற்றால்தான் அடுத்த பிரதிக்குக் காகிதம் என்பதைத் தெரிந்தவர் செய்த காரியம் அது. அவருடைய பிடிவாதத்தைப் பாடுகிற நாம் அவர் சுமந்த பையின் கணக்கைப் பாடுவதில்லை.

இந்த இழிநோக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மரபிலிருந்து வரவில்லை என்பது மட்டும் நிச்சயம். வள்ளுவர் வரவு செலவைப் பற்றிப் பேசும் இடத்தைக் கவனிக்க வேண்டும். சிக்கனம் என்று தனி அதிகாரம் போட்டு அதை அவர் ஒதுக்கவில்லை. பொருட்பாலில், பகைமேல் செல்லும் அரசன் தன் வலிமையை எடைபோடும் 'வலியறிதல்' அதிகாரத்தின் கடைசி நான்கு குறள்களில் அதை வைக்கிறார். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றும், கிளையின் நுனிவரை ஏறியவன் மேலும் ஏற முயன்றால் உயிர் போகும் என்றும் சொல்லிவிட்டு, அடுத்த அடியிலேயே கொடையின் அளவுக்கும் வரும் வழி, போகும் வழிகளுக்கும் வந்துவிடுகிறார். வரவு சிறிதாக இருப்பது கேடில்லை, செலவு அதைத் தாண்டாதவரை என்பதே அவர் கணக்கு. ஈகைக்கும்கூட அவர் அளவு கேட்கிறார். தன் அளவை அறிவது வலிமையின் ஒரு கூறு என்பது அவர் கருத்து. அதைக் கஞ்சத்தனம் என்று நாம் மொழிபெயர்த்துக் கொண்டோம்.

'கடன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். புறநானூற்றில் பொன்முடியார் பாடலில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் இளைஞனுக்கும் ஆளுக்கொரு கடன் சொல்லப்படுகிறது. அங்கே கடன் என்பது கடமை; ஒருவர் இன்னொருவருக்குச் செய்தே தீர வேண்டியது. நன்றிக்கடன், நேர்த்திக்கடன் என்று இன்றும் அந்தப் பொருள் பேச்சில் உயிரோடிருக்கிறது. பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கும் ஐநூறு ரூபாயில் வட்டி இல்லை, முகம் இருக்கிறது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் ஆடி மாதத்தில் நடக்கும் மொய்விருந்தில் வட்டி இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. யார் எவ்வளவு செய்தார், யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பது பெயரோடு எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஏற்பாட்டிலும் நெருக்கடிகள் உண்டு. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய முடியாமல் தலைகுனிந்தவர்கள் உண்டு. ஆனால் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பந்தியில் அமர்ந்திருந்தார்கள். கொடுப்பவர் தானும் ஒருநாள் வாங்குபவராக வேண்டியிருந்தது. இன்றைய கடனில் அந்தப் பந்தி இல்லை.

அதற்குப் பதிலாக மொழி இருக்கிறது. இங்கேதான் இலக்கிய வாசகர்களான நமக்கு ஒரு பொறுப்பு வருகிறது என்று நினைக்கிறோம். "உங்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க் கடன் முன்னரே அனுமதிக்கப்பட்டுள்ளது" என்று குறுஞ்செய்தி வருகிறது. நாம் கேட்காத ஒன்றுக்கு அனுமதி! "நீங்கள் தகுதி பெற்றுள்ளீர்கள்" என்று இன்னொன்று. கடனாளி ஆவது பரிசு வாங்குவதுபோல ஒலிக்கிறது. வட்டியில்லாத் தவணை என்பது மற்றொரு வித்தை. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டி வேறு கட்டணங்களுக்குள் மறைக்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கியே 2013இல் சுற்றறிக்கை விட்டது. வித்தை பெயரை மாற்றிக்கொண்டு தொடர்கிறது. ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடியோ 'செயலாக்கக் கட்டணமோ' அந்த வட்டியைச் சுமக்கிறது. நேர்வட்டி என்று சொல்லப்படுவதும் அப்படித்தான். ஒரு லட்சத்துக்குப் பன்னிரண்டு சதவீதம் என்று, ஆண்டு முழுதும் மொத்தத் தொகைக்கே வட்டி போட்டு, பன்னிரண்டு தவணையாக வசூலித்தால் மாதம் 9,333 ரூபாய். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறதே! குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி 21 சதவீதத்துக்கும் மேல். ஒரு கவிதையில் சொல் இடம் மாறினால் பொருள் மாறும் என்று பக்கம் பக்கமாக எழுதும் நாம், 'நேர்' என்ற ஒரு சொல் நம் சட்டைப்பையிலிருந்து ஏறக்குறைய பத்து சதவீதத்தை எடுத்துப் போவதைக் கவனியாமல் கையெழுத்திடுகிறோம்.

உடனே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். ஏழையிடம் போய்ச் சிக்கனம் பேசுவது அயோக்கியத்தனம் அல்லவா? ஆம், அயோக்கியத்தனம்தான். மருத்துவமனையில் முன்பணம் கேட்கும்போதும், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்திலும், மழை பொய்த்த ஆண்டிலும் வாங்கப்படும் கடனுக்கு ஒழுக்கத்தோடு ஒரு தொடர்பும் இல்லை. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று வகைபிரித்துத் தடைசெய்யும் சட்டம் 2003இலேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 2017 அக்டோபரில், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கணவன், மனைவி, இரண்டு பெண்குழந்தைகள் என ஒரு குடும்பம் தீயில் கருகியது. கந்துவட்டிக் கொடுமை பற்றி அங்கே மனுக் கொடுத்துப் பயன் காணாதவர்கள் அவர்கள். அந்த நெருப்பின் முன்னால் நின்றுகொண்டு வரவுக்குள் செலவு செய்யுங்கள் என்று உபதேசிப்பவனை நாமும் வெறுக்கிறோம். 2010இல் ஆந்திராவில் நுண்கடன் நிறுவனங்களின் வசூல் முறைகள் தற்கொலைகளில் போய் முடிந்தன. ஏழைக்குக் கடன் கொடுப்பதே விடுதலை என்று பேசிய மேடைகளுக்கு அதன்பின் குரல் கம்மியிருக்க வேண்டும், கம்மவில்லை. 2025இல் தமிழகச் சட்டப்பேரவை மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தண்டிக்க மறுபடியும் ஒரு சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்தது.

ஆனால் இந்த மறுப்பைச் சொல்பவர்கள் பெரும்பாலும் யார்? மாதச் சம்பளம் வாங்கும் நாம். ஏழையின் கடனைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நம் சொந்தக் கடனை மறைக்கிறோம். அமைப்பின் மேல் குற்றம் சாட்டும் கட்டுரையைத் தவணையில் வாங்கிய கணினியில் எழுதுகிறோம். அமைப்பு குற்றமுடையதுதான், அது நம் கவனமின்மையைத்தான் முதலாகப் போட்டு வளர்கிறது. கவனிக்க வசதியுள்ளவன் கவனிக்காமல் இருப்பதும், வசதியில்லாதவன் சிக்கிக்கொள்வதும் ஒன்றல்ல. நம் சோம்பலுக்கு அவர்களுடைய துன்பத்தைச் சாட்சிக்கு அழைப்பது இரட்டைக் குற்றம்.

நாம் கேட்பது துறவு அல்ல. காபியை விட்டுவிடு, சினிமாவை விட்டுவிடு என்று பட்டியல் போடும் நூல்கள் மேல் நமக்கும் மதிப்பில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் படியுங்கள் என்பதே நாம் கேட்பது. 2024 அக்டோபர் முதல் தனிநபர்க் கடன் கொடுக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைத் தமிழில் கேட்டு வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? தமிழ் வாழ்க என்று எழுதுபவர்கள் அந்த ஒரு தாளில் தமிழைக் கேட்டிருந்தால், எதிர் வீட்டுக் கூலித் தொழிலாளிக்கும் அது கிடைக்க வழி பிறந்திருக்கும். வசூல் முகவர் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியதும், கடன் செயலிகள் செல்பேசியிலுள்ள தொடர்பு எண்களைத் துழாவக் கூடாது என்று அதே ஆண்டில் விதித்ததும் நமக்குத் தெரிந்திருந்தால், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். படிப்பாளிக்கு ஏதாவது கடன் உண்டென்றால், பழைய பொருளில், அது இதுதான்.

இன்னொன்று, ஒரு நோட்டுப் புத்தகம். இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. நண்பர் இப்போது அதை எழுதுகிறார். நகைக்கடனாக மிகக் குறைந்த வட்டிக்கு வாங்கி அட்டையின் நிலுவையை ஒரே தடவையில் அடைத்துவிட்டு, அட்டையை அலமாரியில் பூட்டியிருக்கிறார். நகை மனைவியுடையது, அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. முதல் மாதக் கணக்கை எழுதி முடித்தபோது, படிக்காமல் அடுக்கியிருக்கும் புத்தகங்களின் விலையையும் கூட்டிப் பார்த்தாராம். தொகையை நம்மிடம் சொல்லவில்லை. இந்த ஆண்டு புத்தகக் காட்சிக்கு ரொக்கம் மட்டும் எடுத்து வந்தார். நான்கு புத்தகங்கள் வாங்கினார். நான்கையும் படித்துவிட்டுப் பேசினார். நம்மில் யாருக்கும் அவரளவுக்கு அந்தப் பேச்சில் சொல்வதற்கு ஏதும் இருக்கவில்லை. நாம் வாங்கிய நாற்பதும் இன்னும் உறை பிரிக்காமல் இருந்தன.