நாடு அறிவோம்: பேரப்பிள்ளைகளுக்காகச் சேமிக்கும் நார்வே

ஸ்வீடனுக்கு மேற்கே, கடலோரமாக நீண்டு கிடக்கும் நாடு நார்வே. மக்கள் தொகை சுமார் 56 லட்சம். மலை, பாறை, காடு போக, பயிர் செய்யும் நிலம் நூற்றுக்கு மூன்று பங்குதான். மீன்பிடி, கப்பல், மரம், நீர் மின்சாரம் ஆகியவற்றை நம்பித்தான் பல தலைமுறைகள் வாழ்ந்தன.

1969 கடைசியில் நிலைமை மாறியது. வட கடலில் எகோஃபிஸ்க் என்ற இடத்தில் பெரிய எண்ணெய் வயல் அகப்பட்டது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபாரூக் அல் காசிம் என்ற ஈராக்கியப் புவியியலாளர் நார்வேக்குக் குடிவந்திருந்தார். மனைவி நார்வேக்காரர். மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட மகனின் சிகிச்சைக்காகவே வந்தார்கள். வேலை கேட்டுத் தொழில்துறை அமைச்சகத்துக்குப் போனவரை அவர்கள் விடவில்லை. எண்ணெய் பற்றித் தெரிந்தவர்கள் அங்கே விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். எண்ணெய் வளம் யார் கையில் இருக்க வேண்டும், யார் கண்காணிக்க வேண்டும் என்ற விதிகளை வகுத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

எண்ணெய் நிறுவனங்களின் லாபத்தில் நூற்றுக்கு 78 பங்கு வரியாகப் போகிறது. அரசின் எண்ணெய் வருமானத்தைச் சேர்த்து வைக்க 1990இல் சட்டம் வந்தது. 1996இல் முதல் தொகை போடப்பட்டது. இன்று உலகப் பங்குச் சந்தைகளில் உள்ள பங்குகளில் சுமார் ஒன்றரை சதவீதம் இந்த நிதியிடம் இருக்கிறது. குடிமக்களுக்குப் பிரித்தால் தலைக்கு இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல் வரும்.

ஆனால் பிரிப்பதில்லை. முதலீடு முழுவதும் வெளிநாடுகளில்தான். உள்நாட்டில் பணம் கொட்டினால் விலைவாசி ஏறும், மற்ற தொழில்கள் நொடிக்கும் என்ற பயம். அரசு ஓராண்டில் எடுத்துச் செலவழிப்பது, சராசரியாக, நிதியின் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கட்டுப்பாடு. எண்ணெய் தீர்ந்த பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கும் இதில் உரிமை உண்டு என்பதே காரணம்.

அந்தப் பிள்ளைகள்தான் இப்போது குறைந்து வருகிறார்கள். 2009இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள் என்ற கணக்கு, 2023இல் 1.40 ஆக இறங்கியது. மறு ஆண்டு 1.44. இத்தனைக்கும் பெற்றோர் இருவருக்குமாகச் சேர்த்து முழுச் சம்பளத்துடன் சுமார் 49 வாரம் விடுப்பு உண்டு. அதில் 15 வாரம் தந்தைக்கே உரியது. அவர் எடுக்காவிட்டால் பொதுவாக அது வீணாகிவிடும். ஒரு வயதானதும் குழந்தைக்கு மழலையர் காப்பகத்தில் இடம் கிடைப்பது சட்டப்படியான உரிமை. கட்டணத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது. அப்படியும் முதல் குழந்தை பெறும்போது தாயின் சராசரி வயது முப்பதைத் தாண்டிவிட்டது. படிப்பு, நிலையான வேலை, சொந்த வீடு என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டுத்தான் குழந்தை என்கிறார்கள் இளைஞர்கள். இதை ஆராய அரசு 2024இல் ஒரு குழு அமைத்தது.

மறுபக்கம் ஆயுள் கூடுகிறது. சராசரி 83 வயதை ஒட்டி இருக்கிறது. ஓய்வூதியம் தர நிதியில் பணம் இருக்கலாம். முதியவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார ஆள் வேண்டுமே! வடகோடியான ஃபின்மார்க்கில் குடியிருந்து வேலை செய்பவர்களுக்கு வருமான வரிச் சலுகை தருகிறார்கள், கல்விக் கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்கிறார்கள். இருந்தும் இளைஞர்கள் தெற்கே நகரங்களுக்கு நகர்கிறார்கள்.

அந்த வடக்கில், மீன் பதனிடும் ஆலைகளில் ஒருகாலத்தில் உழைத்தவர்களில் ஈழத்தமிழர்களும் உண்டு. பிறகு பலர் ஆஸ்லோ பக்கம் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, குழந்தையாக நார்வேக்கு வந்த கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஆஸ்லோவின் துணை மேயரானார். 2021இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். இன்று நார்வேயில் ஆறில் ஒருவர் வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். போலந்துக்காரர்களே அதிகம்.

வந்தவர்களை எவ்வளவு பேர், எவ்வளவு வேகத்தில் சேர்த்துக்கொள்வது என்பதில் அங்கே கட்சிகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. எண்ணெய்ப் பணத்தை என்ன செய்வது என்பதில் கிட்டிய ஒற்றுமை இதில் இன்னும் கிட்டவில்லை.